கிழக்கு வரிசை

காகிதப்பூச் செடி ஒன்று பட்டுப்போனால் விதி என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பட்டுப்போனால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். மங்களாம்பிகை அப்படித்தான் நினைத்தாள். அந்த ஆள் யார் என்பதிலும் அவளுக்கு இரண்டாவது யோசனை இல்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில் இருந்தது நுஸைபாவின் நர்சரி. முன்னால் தகரக் கொட்டகை, கல்லாப்பெட்டி, உரமூட்டை. பின்னால் நீண்டு போகும் மனை, அதன் கோடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் அந்தப்புறம் நுஸைபாவின் வீடு. மனையின் நடுவே ஒரு நடைபாதை. பாதைக்குக் கிழக்கே வெட்டவெளியில் இருந்தவை மங்களாம்பிகை பையிலிருந்து தொட்டிக்கு மாற்றிய செடிகள். மேற்கே, பச்சை வலைக்கு அடியில் இருந்தவை தமிழ்மாறன் மாற்றியவை. மேற்கு வரிசை தளதளவென்று நின்றது. கிழக்கு வரிசையில் இலை சுருண்டு, தண்டு சுருங்கி, தொட்டால் ஒடிகிற சுள்ளிகள் நின்றன. ஒரே லாரியில் வந்த செடி, ஒரே தண்ணீர், ஒரே மண். சாவு மட்டும் ஒரு பக்கம்.

ஐப்பசியில் அவள் இந்த வேலைக்கு வந்தபோது நிலைமை இப்படி இல்லை. தொட்டதெல்லாம் துளிர்த்தது. "உங்க கைராசி இது, மங்களாக்கா" என்று நுஸைபா வாய்விட்டுச் சொன்னாள். கைராசியாவது ஒன்றாவது. வயதுக்கு வந்த நாளிலிருந்து சேற்றில் நின்ற கை அது. நாற்று பறிக்கவும் நடவும் அவள் தலைமையில் ஒரு கூட்டமே போகும். நன்னிலத்திலிருந்துகூட வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். பிறகு நடவு மெஷின் வந்தது. அத்தனை பெண்கள் குனிந்து நட்ட வயலை ஒருவன் உட்கார்ந்துகொண்டே நட்டு முடித்தான். கூட்டம் கலைந்தது. அவளுக்கு மூட்டும் போயிற்று. நூறு நாள் வேலைக்கு மண் சுமக்க முடியாது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் கிடையாது. உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் இந்தத் தொட்டி வேலை அவளுக்குச் சோறு போட்டது.

தையில் தமிழ்மாறன் வந்து சேர்ந்தான். முப்பது வயது, முழுக்கால்சட்டை, காதில் எந்நேரமும் ஒரு ஒயர். அந்த நடவு மெஷினை ஓட்டியவனே அவன்தான். சம்பா முடிந்து மெஷின் கொட்டகைக்குள் போய்விட்டதால் குறுவை வரைக்கும் வேலை தேடி வந்திருந்தான். வயலில் பிடுங்கித் தின்றது போதாதென்று இங்கேயும் வந்துவிட்டான் என்று அன்றைக்கே அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் வந்த பிறகுதான் செடிகள் சாகத் தொடங்கின.

மாசி பாதியில் நுஸைபா இரண்டு பேரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

"கல்யாண மண்டபத்துக்காரங்க வாசலுக்கு வைக்கக் காகிதப்பூத் தொட்டி கேட்டிருக்காங்க. பங்குனி முகூர்த்தத்துக்குள்ள குடுக்கணும். ரெண்டு தடவ லோடு எறக்கியாச்சு, பாதி குப்பைக்குப் போயிருச்சு. சவூதியிலேருந்து மச்சான் போன்ல கேக்குறாரு, நான் என்ன பதில் சொல்றது? வெயில் காலத்துல இந்தக் கடை ஒரு ஆளத்தான் தாங்கும். யார் கையில செடி பொழைக்குதோ அவங்க இருக்கட்டும்."

"சரிங்க மேடம்" என்றான் தமிழ்மாறன். அந்த 'மேடம்' மங்களாம்பிகைக்கு ஆகவே ஆகாது.

"என் கையில செடி சாகலம்மா. சாகடிக்கிறாங்க" என்றாள்.

"யாரு?"

"நான் சொல்ல மாட்டேன். பிடிச்சுக் குடுக்குறேன்."

தமிழ்மாறன் ஒயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். சிரித்தானா இல்லையா என்று தெரியவில்லை. சிரித்ததாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

தன் வேலையில் குறை சொல்ல ஒருவரும் பிறக்கவில்லை என்பது அவள் எண்ணம். முதல்நாள் நுஸைபா சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "வேர் அறுபடாமப் பாத்துக்குங்கக்கா." அதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பையோடு செடியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவாள். மண் இளகியதும் பையை உருவி, அடிமண்ணைக் கணுக்காலில் பக்குவமாகத் தட்டுவாள். மறுபடி தண்ணீரில் விட்டு, குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி அலசுவாள். கடைசியில் ஒரு பொட்டு மண் இல்லாமல் வேர் அத்தனையும் தனித்தனியாகத் தொங்கும். இழுத்துப் பிடுங்கினால்தானே வேர் அறும்? அலசி எடுத்தால் எப்படி அறும்? நாற்று பறிக்கிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சேறு அலசாமல் கட்டிய நாற்றுமுடியை, சுமக்கிற ஆம்பளை வரப்பிலேயே தூக்கி எறிந்து, பறித்தவளின் பரம்பரையையே இழுப்பான். அவள் கட்டிய முடியை ஒருவனும் எறிந்ததில்லை.

தமிழ்மாறன் வந்த புதிதில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று இதைப் பார்த்தான்.

"ஏங்க்கா, மண்ணோடயே வச்சா என்ன?"

"மெஷினுக்குக் கை இல்ல, அதனால மண்ணோட வெட்டி வைக்குது. எனக்குக் கை இருக்குடா தம்பி."

"இல்லக்கா, மெஷினுக்கு மண்ணோட சுருட்டி எடுக்குற பாய் நாத்துல நாங்க..."

"உங்க பாய் நாத்த நீங்களே சுருட்டிப் படுங்க. மண்ணுக்கட்டியோட நடுறதுக்குப் பேரு நடவா? தட்டுல இட்லி வச்ச மாதிரி."

அவன் முகம் சிவந்து போனது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் அவளுக்கு முன்னால் வருவான், சாயங்காலம் அவளுக்குப் பின்னால் போவான். முந்தி வந்து, பிந்திப் போகிறவனுக்கு வேலை மேல் பக்தியா? மங்களாம்பிகை அவ்வளவு ஏமாளி இல்லை.

ரேஷன் கடை வரிசையில் குந்தவையைப் பார்த்தாள். பழைய நடவுக் கூட்டத்தில் அவளுக்கு இடப்பக்கம் நட்டவள். விஷயத்தைக் கேட்டதும் குந்தவை சாமான் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடியே, இதுல என்னடி யோசன? உப்பு! வேதாரண்யத்து உப்பளம் பக்கத்துலதானே இருக்கு? ஒரு மூட்டைய வண்டியில வச்சுட்டு வந்தா யாரு கேக்கப்போறா? ராவுல ஒரு கை கரைச்சு ஊத்துனான்னா வை, செடி தானா கருகும். நம்ம பெரிய மடையோரக் கொல்லை எப்படிப் போச்சு, கடல்தண்ணி ஏறித்தானே?"

"அப்படியாடி செய்வான்?"

"நம்ம வேலையத் தின்னவன் செடியத் தின்ன மாட்டானா?"

மறுநாள் காலை மங்களாம்பிகை கிழக்கு வரிசையில் குந்தி, பட்டுப்போன தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். அடுத்த தொட்டியிலும் வைத்தாள். உப்புக் கரிக்கவில்லை. எருவும் செம்மண்ணும்தான் நாக்கில் ஒட்டின.

"என்னக்கா, உப்பு போதுமா?"

பின்னால் தமிழ்மாறன் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தான்.

அவள் மண்ணைத் துப்பினாள். உப்பு என்று இவனுக்கு எப்படித் தெரியும்? குற்றமுள்ள நெஞ்சு தானே வாய்விட்டுச் சொல்கிறது என்றே அவளுக்குப் பட்டது. உப்பு இல்லையென்றால் மருந்து. மெஷின் வைத்திருக்கிறவனுக்குக் களைக்கொல்லி கிடைக்காதா? அவன் மேற்கே போனதும் கொட்டகையில் தொங்கிய அவன் பையை இறக்கித் துழாவினாள். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, காது ஒயர், பாதி தீர்ந்த தலைவலித் தைலம். டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். புளிச்சோறு.

சாப்பாட்டு நேரத்தில் அவன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். "நீங்களே சாப்பிடுங்கக்கா. மோந்து பாத்த சோத்த நான் எப்படித் திங்கிறது?"

"ஏன், விஷம் வச்சிருக்கியா?"

"வச்சிருந்தா உங்களுக்குத் தரமாட்டனா?" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இதற்குள் மூன்றாவது லோடு வந்து இறங்கியிருந்தது. காகிதப்பூ, எல்லாம் மொட்டும் பூவுமாக. பாதியை அவள் எடுத்துக்கொண்டாள், பாதியை அவன். அவள் தன்னுடையதை வழக்கம்போல அலசி, அன்று பகலிலேயே தொட்டிக்கு மாற்றி, கிழக்கே வெயிலில் வரிசை கட்டினாள். நட்டது எதுவானாலும் வெயில் பட்டால்தானே தலை நிமிரும்? அவன் தன் பங்கைத் தொடவே இல்லை. பைகளுக்குத் தண்ணீர் விட்டு வலைக்கு அடியில் அப்படியே போட்டுவைத்தான். மறுநாள் பொழுது சாய்ந்த பிறகுதான், பூவைக் கிள்ளிவிட்டு, நாளுக்குச் சிலதாக மாற்றத் தொடங்கினான். சோம்பேறி என்று நினைத்தாள். இரண்டு நாளில் அவளுடைய பூக்கள் காகிதமாகவே உதிர்ந்தன. அவன் மாற்றிய செடிகள் வாடாமல் நின்றன.

இதுதான் கடைசி லோடு. இதுவும் போனால் அவளும் போக வேண்டியதுதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் பகல் தொழுகைக்கு நுஸைபா வீட்டுக்குள் போனாள். மங்களாம்பிகை, "வீட்டுக்குப் போயி ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினாள். பக்கத்துக் கொல்லையின் வேலிச் சந்து வழியாகத் திரும்பி வந்து, தென்னங்கன்று அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மூட்டு கத்தியது. எறும்பு ஏறியது. அசையவில்லை.

அவன் வந்தான். நாலாபக்கமும் பார்த்தான். மேற்கு வரிசையைத் தாண்டி, பாதையைத் தாண்டி, நேராகக் கிழக்கு வரிசைக்கு வந்து குந்தினான். அவளுடைய தொட்டி ஒன்றைச் சாய்த்தான். தண்டைப் பிடித்துச் செடியை வெளியே உருவினான். போனை எடுத்தான்.

"திருட்டுப் பயலே!"

அவள் எழுந்த வேகத்தில் இரண்டு தென்னங்கன்று உருண்டது. ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "பிடிச்சேன்டா! பட்டப்பகல்ல பிடுங்குறியே, உனக்குக் கை அழுகாதா? அம்மா! நுஸைபாம்மா! ஓடியாங்க!"

"அக்கா, விடுங்க. சொல்றதக் கேளுங்க..."

"எங்க வயல்ல பிடுங்குன, இப்ப தொட்டியிலயும் பிடுங்குறியா!"

நுஸைபா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தாள். பார்த்தாள். தமிழ்மாறன் கையில் மங்களாம்பிகையின் செடி, காலடியில் சாய்ந்த தொட்டி. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

"அவங்க செடியில உனக்கு என்ன வேல?"

"வேரப் பாத்தேன் மேடம். போட்டோ எடுத்து உங்களுக்குக் காட்டலாம்னு..."

"வேரப் பாக்குறவன் அவங்க இருக்குறப்ப பாக்க வேண்டியதுதானே? ஆளில்லாத நேரம் பாத்து எதுக்கு?"

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். காரணம் இருந்தது, அதை வெளியே விடவில்லை. மங்களாம்பிகை அதைக் கவனித்தாள்.

"நாளையிலேருந்து வராதே தம்பி" என்றாள் நுஸைபா.

அவன் செடியைக் கீழே போட்டான். மேற்கு வரிசைக்குப் போய் தன் தொட்டி ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினான். செடி மண்கட்டியோடு முழுசாக வந்து விழுந்தது. கொண்டுவந்து மங்களாம்பிகையின் காலருகே வைத்தான். "வச்சுக்குங்க. நீங்களே பாத்துக்குங்க." பையை எடுக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

நுஸைபா எதையோ முணுமுணுத்தபடி உருண்ட தென்னங்கன்றுகளை நிமிர்த்தப் போனாள். மங்களாம்பிகை இரண்டு செடிகளுக்கும் நடுவே குந்தினாள். அவன் செடியின் மண்கட்டியில் ஊசி ஊசியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. வெள்ளை வேரைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். நட்டு ஒரு வாரம் கழித்து ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்து, வெள்ளை வேர் விட்டிருந்தால்தான் பயிர் நிலத்தைப் பிடித்துவிட்டது என்று பண்ணைக்காரனுக்குச் சொல்லி அனுப்புவாள். தன் செடியை எடுத்தாள். வேர் பழுப்பாக, நனைந்த சணல்போல விரலில் ஒட்டியது. இழுத்தால் தோல் தனியாக, நரம்பு தனியாக உரிந்தது. ஒரு வெள்ளை ஊசிகூட இல்லை. இன்னொரு தொட்டியைச் சாய்த்தாள். அதுவும் அப்படியே. உப்பும் இல்லை, மருந்தும் இல்லை. அவன் கையே படாத தொட்டிகள்.

நெல் சேற்றில் விழுகிறது. நட்ட நிமிஷத்திலிருந்து அதற்குக் கழுத்து வரை தண்ணீர். இது தொட்டி. மாசி வெயில். மண்ணை அலசி எடுத்துவிட்டால் இது எதைக் குடிக்கும்? ஐப்பசியில் பிழைத்த செடிகள் அவள் கையில் பிழைக்கவில்லை, அடைமழையில் பிழைத்திருக்கின்றன. தன் கைப்பழக்கம் என்று அவள்தான் நம்பியிருக்கிறாள்.

கொட்டகைப் பக்கம் வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. முதல் உதையில் கிளம்பவில்லை.

அவள் பேசாமல் இருந்தால் போதும். அவன் போய்விடுவான், வேலை அவளுடையது. அப்படித்தான் முதலில் நினைத்தாள், அதை நினைக்க அவளுக்கு வெட்கமும் இல்லை. அப்புறம் கணக்கு வேறு மாதிரி விழுந்தது. வேலை இருக்கும், சரி. அடுத்த செடியை எப்படி வைப்பது? வலைக்கு அடியில் பையை ஏன் போட்டுவைத்தான், ஏன் பொழுது சாயக் காத்திருந்தான், கட்டி உடையாமல் எப்படி எடுத்தான்? ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவன் போன பிறகும் செடி செத்தால் பழி போட ஆள் இருக்காது. இவனை இப்போது விட்டால் தானும் பின்னாலேயே போகவேண்டியதுதான்.

"டேய்! நில்லு!" என்று கத்திக்கொண்டு எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். "அம்மா, அவன நிறுத்துங்க."

நுஸைபா பின்னாலேயே வந்தாள். "இப்ப என்னக்கா?"

"அவன் கொல்லல. நான்தான் கொன்னுருக்கேன். நாத்து மாதிரி அலசி அலசி நட்டுட்டேன்." சொல்லி முடித்து மூச்சு விட்டாள். "ஆனா அவன் யோக்கியன்னு நெனைக்காதீங்க. கேளுங்க அவன, எப்பத்திலேருந்து தெரியும்னு."

தமிழ்மாறன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "வந்த வாரத்துலயே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேன். பாயச் சுருட்டிப் படுடான்னீங்க."

"ஒரு தடவ சொன்னா? அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே!"

"அதுக்கப்புறம் மேடம் ஒரு ஆளுதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க." ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் எதுக்குச் சொல்லணும்?"

நுஸைபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! ஒருத்தர் தெரியாமக் கொன்னிருக்காங்க. ஒருத்தன் தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நடுவுல என் செடி போச்சு." நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டாள். "ரெண்டு பேரையும் நான் நம்பப்போறதில்ல. மிச்சப் பைய எல்லாம் கொட்டகைக்குத் தூக்கிட்டு வாங்க. இனிமே என் கண்ணு முன்னாடி மாத்துங்க. மாறன், நீ சொல்லு. அக்கா, நீங்க செய்யுங்க. இந்தத் தொட்டி துளிர்த்தா அப்புறம் பேசலாம்."

மறுநாள் வெயில் இறங்கிய பிறகு கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். பைகளுக்கு முந்தின நாளே தண்ணீர் விட்டிருந்தது. தமிழ்மாறன் பிளேடை நீட்டினான்.

"பூவையும் மொட்டையும் கிள்ளி எறிங்க மொதல்ல. பூவோட இருக்குறத மாத்தக் கூடாது."

"பூவில்லாம மண்டபத்துக்காரன் வாங்குவானா?"

"புதுசா விடும். கிள்ளுங்க. இப்ப அடியக் கீறுங்க. மண்ணுல விரலு படக்கூடாது. அப்படியே தொட்டிக்குள்ள எறக்கிட்டு, அப்புறம் பக்கவாட்டுப் பைய உருவுங்க."

அவள் இறக்கினாள். சுற்றி மண் போட்டாள். பழக்கத்தில் கட்டைவிரல் தானாகத் தண்டின் அடியில் போய் அழுத்தியது. நடவில் கட்டைவிரல்தான் எல்லாம்.

"அழுத்தாதீங்க! கட்டி உடையும்."

"கத்தாதடா, காது கேக்குது."

"இது பாப்பாவத் தூங்க வைக்கிற மாதிரி. நடவு இல்ல."

"உனக்குப் பாப்பா இருக்கா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கிட்டு சொல்லித்தா."

நுஸைபா கல்லாவில் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டாள். கடைசித் தொட்டி வரை அவள் பார்வை இருவர் கையிலும்தான் இருந்தது.

தொட்டிகளை வலைக்கு அடியில் வைத்தார்கள். நாலைந்து நாளில் இலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கின. மங்களாம்பிகை விழுந்த இலைகளைப் பொறுக்கிப் பார்த்தாள். பாதி சொல்லிப் பாதி மறைத்திருப்பானோ? தண்ணீர் அளவைத் தப்பாகச் சொல்லியிருப்பானோ? அவன் இல்லாத நேரம் பார்த்து அவன் தொட்டியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று விரல்விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தவன் அதைப் பார்த்தான். பிறகு ஒரு காலை, இலை விழுந்த கணுவிலெல்லாம் சிவப்பாகக் கொழுந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள்தான் முதலில் கண்டாள். யாரையும் கூப்பிடாமல் வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் நுஸைபாவிடம் போனாள்.

மண்டபத்துத் தொட்டிகள் வண்டியேறிய அன்று நுஸைபா தமிழ்மாறனைக் கூப்பிட்டாள். "மேட்டூர்ல தண்ணி திறந்துட்டா நீ மெஷினுக்குப் போயிருவே தம்பி. அக்காவுக்குப் போக எடம் இல்ல. இந்த வாரத்தோட நீ நின்னுக்க. அக்கா இருக்கட்டும்."

அவன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைக்கப் போனான். கடைசி நாள் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தவன், தொட்டிக்கு மாற்றக் காத்திருந்த கறிவேப்பிலைக் கன்றுகளைப் பார்த்தான்.

"அக்கா, கறிவேப்பிலைய மாத்துறப்ப மட்டும்..."

"மாத்துறப்ப?"

அவன் வண்டியை உதைத்தான். "ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் கை இருக்கே."

வண்டி ரோட்டில் ஏறி மறைந்தது. மங்களாம்பிகை ஒரு பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த ஓட்டை வழியாக ஒற்றை வேர் நீளமாக வெளியே வந்திருந்தது. பிளேடை எடுத்தவள் அந்த வேரைப் பார்த்ததும் நிறுத்தினாள். இதை அறுக்கலாமா, கூடாதா? அவன் இதைத்தான் சொல்ல வந்தானா? இல்லை, சொல்ல ஒன்றுமே இல்லாமல் அவளைக் குழப்பிவிட்டுப் போனானா?

"என்னக்கா, ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள் நுஸைபா.

"இதுக்கு மட்டும் மழை வரட்டும்மா" என்றாள் மங்களாம்பிகை. கன்றுகளை ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, வேறு பைகளை எடுக்கப் போனாள்.